பெங்களூரில் டோநட் வாங்கத் தொடர்கடைக்குப் போவதா, தெருமுனை பேக்கரிக்குப் போவதா?

கேள்வி கேட்டிருப்பவர் வேலைக்காகச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தவர். அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஏதாவதொரு தொடர்கடையிலிருந்து (ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் கடை) ஒரு டோநட் பெட்டி வந்து இறங்குகிறது என்றும், தான் குடியிருக்கும் தெருவின் முனையிலேயே ஓர் ஐயங்கார் பேக்கரி இருக்கிறது என்றும், இரண்டில் எதற்குக் காசு கொடுப்பது தகும் என்றும் கேட்டிருக்கிறார். அல்சூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன், மாலை நான்கு மணிக்கு பேக்கரி வாசலில் நிற்பவன் என்பதால், என் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேக்கரிக்குத்தான். ஆனால் டோநட் அயல்நாட்டுப் பண்டம் என்பது அதற்குக் காரணமில்லை. பன்னும் பஃப்ஸும் மட்டும் நம் பாட்டிமார் கண்டுபிடித்தவையா என்ன?

டோநட் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம். மைதா மாவை ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, எழும்பவிட்டு, வளையமாக வெட்டி, மறுபடி எழும்பவிட்டு, சுமார் 185 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள எண்ணெயில் இரு பக்கமும் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். மாவு சரியாக எழும்பியிருந்தால் அது எண்ணெயில் பாதி மூழ்காமல் மிதக்கும். அதனால் பக்கவாட்டில் வெளிறிய ஒரு கோடு சுற்றிலும் ஓடியிருக்கும். சூடு தணிவதற்குள் சர்க்கரைப் பாகில் நனைத்த அந்த டோநட்டைச் சில நிமிடங்களில் சாப்பிட்டால், அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆறின வடையை யாராவது கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்குவோமா என்று யோசித்துப் பாருங்கள். டோநட்டுக்கும் அதே கணக்குத்தான். 1937இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் தொடங்கிய கிறிஸ்பி கிரீம் என்ற டோநட் தொடர்கடை, சூடான டோநட் வெளிவரும் நேரத்தில் வாசலில் சிவப்பு விளக்கு எரியவிடும் வழக்கத்தைக் கொண்டதும் இதை அறிந்துதான்.

நம் ஊரில் தொடர்கடைகள் பெரும்பாலும் இப்படி இயங்குவதில்லை. ஒரு மையச் சமையற்கூடத்தில் செய்து, பெட்டிகளில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, கண்ணாடி அலமாரிக்கு வந்து சேர்வதற்குள் டோநட்டின் வயது பல மணி நேரம் ஆகிவிடுகிறது. மைதாவின் ஸ்டார்ச் இறுகத் தொடங்க, மேற்பூச்சு ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கிறது. சென்ற ஆண்டு என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு தொடர்கடையில் (பெயர் வேண்டாம்) செயலி வழியாக ஆறு டோநட் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. சாக்லேட் பூச்சு பாதிக்கு மேல் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்ண மிட்டாய்த் துகள்களின் சாயம் கரைந்து, ஆறும் ஒரே வகையோ என்று எண்ணும்படி கலங்கியிருந்தது. என் மாமியார் ஒரு துண்டு கடித்துவிட்டு, "இதுக்கு நம்ம கடை தேன் கேக்கே வாங்கியிருக்கலாமே மாப்ள" என்றார். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.

தொடர்கடைகள் பக்கமும் நியாயம் உண்டு. 2008இல் டெல்லிப் பக்கம் கடை திறந்த மேட் ஓவர் டோநட்ஸ், முட்டையில்லா டோநட்டையே தன் அடையாளமாக்கிக்கொண்டதால், சைவக் குடும்பங்கள் தயங்காமல் உள்ளே நுழைய முடிந்தது. 2012இல் டெல்லிக்கு வந்த டங்கின் டோநட்ஸ் இங்கே பர்கரையும் சேர்த்து விற்க வேண்டியிருந்தது. காலையில் காபியோடு இனிப்பு வளையம் தின்னும் பழக்கம் இட்லிக்குப் பழகிய நாவுக்குச் சுலபத்தில் வராது அல்லவா? டோநட் விற்பது உணவகச் சேவையா, பேக்கரிப் பண்ட விற்பனையா, அதற்கு எவ்வளவு ஜிஎஸ்டி என்ற வழக்கு 2025இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள் பண்டத்தை விடக் குளிர்சாதன அறைக்கும் நாற்காலிக்குமே அதிகம் காசு கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். நண்பர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் தேடுபவருக்கு அது வீண் செலவும் அன்று.

பேக்கரியில் நாற்காலி கிடையாது. நின்றுகொண்டுதான் தின்ன வேண்டும். 1898இல் கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்துத் திருமலாச்சார் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரிதான் ஐயங்கார் பேக்கரிகளுக்கெல்லாம் மூலம் என்று இந்த நகரத்தில் சொல்வார்கள். ஹாசன் பகுதி ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு தமிழ் என்பதால், பழைய கடைகளில் நம் பேச்சு சட்டென்று பிடிபட்டுவிடும். இன்று அந்தப் பலகையை மாட்டியிருக்கும் எல்லாக் கடைகளும் ஐயங்கார்கள் நடத்துபவையல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே கேட்க வேண்டியது காரா பன்: பச்சைமிளகாய், வெங்காயம், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்த மாவு, மேற்புறம் பழுப்பேறி, பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும். அதைக் குறுக்கே அறுத்து, வெண்ணெய் தடவி, காங்கிரஸ் கடலையை (மசாலா சேர்த்து வறுத்த, உடைத்த நிலக்கடலை) ஒரு கை அள்ளித் தூவித் தரச் சொல்லுங்கள். எங்கள் தெருக் கடைக்காரரிடம் ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு பன் கேட்டேன். "இது காலைல போட்டது சார், உங்களுக்கு வேணாம். நாலு மணிக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஃப்ரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் 1902 முதல் நடக்கும் ஆல்பர்ட் பேக்கரிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மதியத்துக்குப் பிறகு திறக்கும் கடை அது, கீமா சமோசாவுக்குப் பெயர் பெற்றது.

பேக்கரி என்றால் எல்லாமே நன்று என்று நினைத்துவிட வேண்டாம். மாலையில் மிஞ்சிய பஃப்ஸை மறுநாள் சுடவைத்துக் கொடுக்கும் கடைகளையும் எனக்குத் தெரியும். அடுக்குகள் பிரியாமல் தோல் போல இழுத்தால் அது நேற்றையது. அலுவலகத்தில் டோநட் பெட்டி மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே இன்னும் வேகமாக இறுகும். வெளியிலேயே மூடி வைத்து, பூச்சு இல்லாத வகையை மைக்ரோவேவில் பத்து விநாடி காட்டினால் ஓரளவு உயிர் வரும். கடைசியாக, அதே ஐயங்கார் பேக்கரியின் கண்ணாடி அலமாரியில், சர்க்கரையில் புரட்டிய டோநட் என்று ஒன்று அடுக்கியிருப்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அதற்குத் தொடர்கடை டோநட் எவ்வளவோ மேல்.