மகள் முன்வரிசையில் இருப்பார்

கேள்வி: எங்கள் உறைவிடப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். விடுதியில் எங்களோடு ஏழு வருடம் இருந்த நண்பர் மூன்று மாதத்துக்கு முன் காலமானார். படிப்பில் நடுத்தரம்தான். ஆனால் பள்ளியை விட்டு 40 வருடமாகியும் ஓர் ஆண்டு விழாவைக்கூடத் தவறவிட்டதில்லை. மகளின் பட்டமளிப்பு விழா அன்றுகூட இங்கே வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். விடுதிப் பிள்ளைகள் சிலருக்கு வெளியே தெரியாமல் கட்டணம் கட்டியிருக்கிறார். மலரில் நான்கு பக்கக் கட்டுரை, பளிங்குப் பலகை, முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு அவர் பெயரில் பரிசு என்று முடிவு செய்திருக்கிறோம். குடும்பத்தாருக்கு முன்வரிசை ஒதுக்கியாயிற்று. கட்டுரை எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதற்கு மேல் ஓடவில்லை. எப்படி எழுதுவது?
– பெயர் வேண்டாம்

பதில்: உங்களுக்கு ஓடாதது எழுத்து இல்லை. அந்த மனிதரை நீங்கள் விசாரிக்கவே இல்லை. சங்கத்துக்காரர்கள் எழுதும் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. பலகைக்குக் கல் எது என்பதுவரை முடிவாகியிருக்கும், வீட்டுக்கு மட்டும் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

பட்டமளிப்பு விழாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பெருமையாகத்தானே எழுதினீர்கள்? மேடையிலும் சொல்வீர்கள். கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் அந்த மகள் உட்கார்ந்திருப்பார். பட்டம் வாங்கிய அன்று அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, இறந்த பிறகு ஒலிபெருக்கியில் பதில் சொல்லப் போகிறீர்கள். கொஞ்சமாவது யோசித்தீர்களா? 40 ஆண்டு விழாக்களுக்கு அவர் வந்தார் என்றால், 40 தடவை ஒரு வீடு அவரை அனுப்பி வைத்தது. அவர் பள்ளிக்குக் காட்டிய விசுவாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மனைவியும் பிள்ளையும். நீங்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். நாற்காலி ஒதுக்கினால் அது தீராது.

முதலில் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒருவர் அவரோடு விடுதியில் இருந்தவராக இருக்கட்டும். படம் எடுக்காதீர்கள். கட்டண விஷயத்தை அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். குடும்பத்துப் பணம் எங்கே போயிற்று என்பதை ஒரு மனைவி மேடையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர் சம்மதித்தால் மட்டும் அதை எழுதுங்கள். அப்போதும் தொகை வேண்டாம், உதவி பெற்றவர்களின் பெயரும் வேண்டாம். அவர்களில் யாராவது தானாக முன்வந்து, தன் பெயரில் எழுதித் தந்தால் போடலாம்.

மகளிடம், “அந்த நாளைப் பற்றி நாங்கள் எழுதலாமா?” என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரி கட்டுரையிலும் வராது, பேச்சிலும் வராது. சரி என்றால், அவர் சொல்லும் விதமாகவே வரட்டும். அதில் வருத்தம் இருந்தால் வருத்தத்தோடே அச்சாகட்டும்.

இனி கட்டுரை. நான்கு பக்கம் நீளம், 600 சொல் போதும். ‘நினைவுகளை அனுப்புங்கள்’ என்று பொதுவாகச் செய்தி போட்டால் இரங்கல் வாசகம்தான் வந்து குவியும். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனியாகப் பேசுங்கள்: பக்கத்துக் கட்டில்காரர், இரண்டு வகுப்பு கீழே படித்தவர், ஓர் ஆசிரியர் அல்லது வார்டன், விடுதிச் சமையலறையிலோ வாசலிலோ வேலை பார்த்தவர், அவரோடு சண்டை போட்ட ஒருவர், மகள். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். விளக்கணைத்த பிறகு என்ன பேசுவார்? வீட்டிலிருந்து கடிதம் வந்தால் எங்கே போய்ப் படிப்பார்? விடுமுறை முடிந்து திரும்பும் முதல் ராத்திரி எப்படி இருப்பார்? எதற்குக் கோபம் வரும்? ‘நல்லவரா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதோடு முடிந்துவிடும். சண்டைக்காரரை விட்டுவிடாதீர்கள், ஆளை உயிரோடு கொண்டுவருபவர் பெரும்பாலும் அவர்தான்.

தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. சேர்ந்த வருடமும் விலகிய வருடமும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். பிறந்த தேதிக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்த வீடுகள் ஏராளம். அதை மனைவியிடம் கேளுங்கள். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் அவர் கையெழுத்திட்டபடி இருக்கட்டும்.

பழைய படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், ஒட்டிய படம் கிழியும். பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். அதே அளவில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், மூன்று மடங்கு பெரிதாக்க 900 வேண்டும். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். குழுப் படமென்றால் அதன் மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளை வரைந்து எண் போட்டு, மூத்தவர்களிடம் காட்டிப் பெயர் சேருங்கள். நாளைக்குக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் படங்களை நேரில் திருப்பிக் கொடுங்கள்.

பரிசில் இரண்டு தப்பு செய்கிறீர்கள். நடுத்தரமாகப் படித்தவர் பெயரில் முதல் மதிப்பெண்ணுக்கு எதற்குப் பரிசு? புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட விடுதி மாணவருக்குக் கொடுங்கள். விடுதிப் பிள்ளைகளும் வார்டனும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். அடுத்தது கணக்கு. பரிசுக்கென்று போட்டுவைக்கும் மூலதனத்தின் வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் கொடுத்துவிட்டால், விலைவாசி 6 சதவீதம் ஏறும் கணக்கில் 12 வருடத்தில் பரிசின் மதிப்பு பாதியாகிவிடும். மூலதனத்தில் 4 சதவீதம் மட்டும் கொடுத்து, மிஞ்சும் வட்டியை மூலதனத்திலேயே சேருங்கள். அதாவது பரிசுத் தொகையைப் போல 25 மடங்கு முதலில் திரள வேண்டும். தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. தகுதியானவர் இல்லாத வருடம் பணம் என்ன ஆகும், பள்ளி மூடினால் யாருக்குப் போகும் என்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். வருடக் கணக்கின் நகல் ஒன்று அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

பலகை வெளியில் என்றால் பளிங்கு வேண்டாம். அமில மழை அதைக் கரைக்கும், எழுத்து மழுங்கும். கிரானைட்டில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், மேலே பூசிய வர்ணம் உதிர்ந்துவிடும். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து 2.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வெட்டுவதற்கு முன் வாசகத்தை மனைவி பார்த்துச் சரி சொல்லட்டும்.

விழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்களா? நிறுத்துங்கள். தேதியை முதலில் அந்த மகளிடம் கேளுங்கள். அவருக்கு அன்று முடியாதென்றால் விழாவைத் தள்ளி வையுங்கள். இந்த ஒரு தடவை பள்ளி காத்திருக்கட்டும்.