வெளிநாட்டு டிரையத்லான் போட்டிக்குப் பயணத்தையும் தங்குமிடத்தையும் எப்படித் திட்டமிடுவது?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்ட முழுத்தொலைவுப் போட்டிக்கு எப்போது போய்ச் சேர்வது, எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டிக்குப் பதிவு செய்த அன்றே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றை, நீச்சல் தொடங்கும் இடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் பிடித்துவிடுங்கள். ஏனென்றால் போட்டியன்று விடியற்காலையிலேயே சாலைகளை அடைத்துவிடுவார்கள். சைக்கிளைப் பெரும்பாலும் முந்தைய நாளே ஒப்படைக்க வேண்டியிருப்பதாலும், நேர வித்தியாசத்தின் ஒவ்வொரு மணிக்கும் உடல் பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆவதாலும், குறைந்தது 4 நாள் முன்னதாகச் சேர்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சைக்கிளைப் பெட்டியில் அடுக்கப் பெடல்களைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதை மறவாதீர்கள். ஓட்டக் காலணியும் நீச்சல் கண்ணாடியும் கைப்பையிலேயே இருக்கட்டும். டயரில் காற்று நிரப்ப உதவும் கரியமில வாயுக் குப்பிகளுக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு. அவற்றைச் சேருமிடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.