கூரையைத் துளைத்த கோபுரம்: லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயம் பற்றிச் சில கேள்விகள்

லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் இருக்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-தி-ஃபீல்ட்ஸ் ஆலயத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கட்டடக்கலை படித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

முன்பக்கம் ரோமானியக் கோயில், மேலே ஊசிக்கோபுரம். இரண்டும் ஒட்டவே இல்லையே, ஐயா?

உங்கள் கண்ணில் பட்டது அன்றே பலர் கண்ணிலும் பட்டதுதான். ஜேம்ஸ் கிப்ஸ் 1722 முதல் 1726 வரை கட்டிய ஆலயம் இது. ரோமில் பயின்று வந்தவர். அதனால் முன்வரிசையில் 6 கொரிந்தியத் தூண்கள் (தலைப்பில் இலை வேலைப்பாடு உள்ளவை), மேலே முக்கோண முகப்பு. ஆனால் மணிக்கோபுரம் இல்லாத பங்கு ஆலயத்தை ஆங்கிலேயர் ஆலயமாகவே எண்ண மாட்டார்கள். வழக்கமாகக் கட்டடத்துக்கு வெளியே, மேற்குப் பக்கத்தில் நிற்கும் கோபுரத்தை அவர் உள்ளே இழுத்துக்கொண்டார். விளைவு, கோபுரம் கூரை மேல் ஏறி உட்கார்ந்தது போல ஒரு தோற்றம். எனக்கும் அது முழுத் திருப்தி இல்லை. ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்லலாம்: அப்போது எதிரே சதுக்கம் கிடையாது, குறுகிய தெருதான். இன்று நாம் பார்ப்பது போலத் தள்ளி நின்று முழுவதையும் பார்க்க இடமே இல்லை.

அவ்வளவு கனத்தையும் கூரையா தாங்குகிறது?

இல்லை. தூண்மண்டபத்துக்குப் பின்னால் கோபுரத்தின் சுவர்கள் தரைவரை இறங்குகின்றன. கூரை அதைச் சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே ஆட்கள் உட்கார மேல்தள மாடங்களும், வண்ணமில்லாத வெறும் கண்ணாடியும் எதற்கு? பக்திச் சூழலே இல்லையே?

பிரசங்கம் காதில் விழ வேண்டும், அதுதான் முதல் கவலை. 1666 லண்டன் தீவிபத்துக்குப் பின் 50க்கும் மேற்பட்ட ஆலயங்களை மீண்டும் எழுப்பிய கிறிஸ்டோபர் ரென் இதற்குக் கணக்கே போட்டு வைத்தார்: நடுத்தரக் குரல் போதகருக்கு முன்னால் 50 அடி, பக்கவாட்டில் 30 அடி, பின்னால் 20 அடி கேட்கும். அதற்குள் கூட்டத்தை அடக்க வேண்டுமானால் ஆட்களை மேலே ஏற்றத்தான் வேண்டும். கிப்ஸின் தூண்களைக் கிட்டத்தில் பாருங்கள்: மாடம் தூணின் நடுவயிற்றில் வந்து முட்டுகிறது, தூணோ பொருட்படுத்தாமல் மேலே போகிறது. ஒவ்வொரு தூணின் தலைப்புக்கு மேலும் தனியாக ஒரு கல்துண்டு உத்திரம். வளைவுகள் அதிலிருந்து கிளம்புகின்றன. மேற்கூரைச் சுதைவேலை இத்தாலியக் கைவினைஞர்களுடையது. இதைப் பார்த்த பிறகும் பக்தி இல்லை என்பீர்களா?

ஜன்னல் ஓரங்களில் கற்கள் துருத்திக்கொண்டிருப்பது பிற்காலத்துப் பழுதுபார்ப்பா?

வேண்டுமென்றே வைத்தவை. ஜன்னலைச் சுற்றிய சட்டத்தில் ஒரு கல் விட்டு ஒரு கல் வெளியே நிற்கும். இந்த அமைப்புக்கு இன்றும் கிப்ஸ் பெயர்தான்.

சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் (ஸ்காட்லாந்து வழக்கில் ஆலயம்) செயின்ட் மார்ட்டினின் நகல் என்கிறார்களே?

வெளியே பெரும்பாலும் அப்படித்தான். தூண்மண்டபத்தையும் கோபுரத்தையும் பார்த்தால் புரியும். உள்ளே போனால் கதை வேறு: வட்டக் கூடம், மேலே நீல விதானம். இந்த வட்டத்துக்கும் கிப்ஸிடம் ஒரு வேர் உண்டு. செயின்ட் மார்ட்டினுக்கு அவர் முதலில் வரைந்தது வட்ட வடிவம்தான். செலவு கூடும் என்று தள்ளிவிட்டார்கள். விடாமல் அதையும் தமது 1728 வரைபடத் தொகுப்பில் சேர்த்தார். அந்தத் தொகுப்பு கடல் தாண்டியெல்லாம் போனது. 1821இல் எழும்பூரில் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காகப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டி முடித்தது அந்த வழியில் வந்ததுதான். களிமண் நிலம் என்பதால் கிணறுகள் இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். அது நம் ஊர் உத்தி, கிப்ஸுக்குத் தெரியாதது.

லண்டனில் எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. இதற்கே போகட்டுமா?

என்னைக் கேட்டால் ரென் கட்டிய செயின்ட் ஸ்டீபன் வால்புரூக். வெளியே ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். உள்ளே 8 வளைவுகளின் மேல் ஒரு குவிமாடம். நேரே அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள்.