நுவரெலியாவுக்கு வர்ண யானை வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டு நகரங்களில் வர்ணம் தீட்டிய ஃபைபர்கிளாஸ் மாடுகளையும் யானைகளையும் தெருவோரம் நிறுத்தி வைக்கிறார்கள். சனம் அலைமோதுகிறது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கிரகரி வாவியைச் சுற்றி நாமும் முப்பது யானைகளை நிறுத்தினால் என்ன? நம்மவர்களுக்கு ஏன் இப்படி யோசனை வருவதில்லை?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாக நிறுத்தலாம். முதல் யானையை மட்டும் கோல்ஃப் மைதானத்து ஓரம், மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகப் பேர் வாங்கிய துரை அவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அவரைப் போன்றவர்களின் துப்பாக்கியும், கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டிய கத்தியும் சேர்ந்துதான் இந்த மலைகளில் யானையை இல்லாமல் ஆக்கின. இருந்ததைச் சுட்டு முடித்த ஊரில் பொம்மை யானைக்குப் பூ வரைந்து செல்ஃபி எடுப்பது உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

அந்த வெளிநாட்டு ஊர்க்காரர்கள் விலங்கைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1998இல் சூரிச் நகரம் 800க்கு மேற்பட்ட மாடுகளைத் தெருவில் இறக்கியது. சுவிஸ்காரருக்கு மாடு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் சிக்காகோ அதை எடுத்துக்கொண்டது. நூறு வருடத்துக்கு மேல் மாட்டுத் தொழுவத்தையும் இறைச்சிக் கூடத்தையும் வைத்துப் பிழைத்த நகரம் அது. 1871இல் ஊரே எரிந்தபோதுகூட லாந்தரை உதைத்துவிட்டதாக ஒரு மாட்டின் மேல்தான் பழியைப் போட்டார்கள். பெர்லினில் கரடி நின்றது, நகரச் சின்னமே கரடி என்பதால். 'யானை ஊர்வலம்' என்ற வர்ண யானைக் காட்சி 2007இல் ரொட்டர்டாமில் தொடங்கியதற்குக் காரணம், தாய்லாந்தில் கண்ணிவெடியில் காலை இழந்த மோஷா என்ற யானைக்குட்டி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவை ஒரு சீசன் நின்றன. முடிந்ததும் ஏலத்துக்குப் போயின. சிக்காகோ மாடுகள் 30 இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தன, பணம் தர்ம காரியங்களுக்குப் போனது. 2010இல் லண்டனில் நின்ற 260 அளவிலான யானைகள் 40 இலட்சம் பவுண் தாண்டின. நம் ஊரில் வைத்தது வைத்ததுதான். ரவுண்டபவுட்டில் கொம்பு உடைந்த கொங்கிரீட் மானை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மானைவிடத் திறந்து வைத்தவரின் பெயர்ப்பலகை பெரிது. ஃபைபர்கிளாஸ் அதைவிட மோசம். நுவரெலியாவின் மழையிலும் பனியிலும் அடுத்த வெயிலிலும் மேல்பூச்சு வெளிறி, வெடிப்பு விட்டு, உள்ளே நீர் இறங்கும். உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை. கடைசியில் குப்பைமேட்டில் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும்.

சரி, விலங்கு வேண்டும்தான் என்றால் சிறுத்தையை வையுங்கள். லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போவதும் அதுதான், கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு பயப்படுவதும் அதற்குத்தான். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம், லக்சபான தோட்டத்தில் ஓர் அபூர்வக் கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பியில் சிறுத்தை சாவது இங்கே புதிதும் அல்ல. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி அழித்துவிட்டுப் போனவனின் கோபத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். இது எல்லாம் அந்தச் சிறுத்தையின் முதுகில் வர வேண்டிய விஷயம்.

யார் தீட்டுவது? கொழும்பிலிருந்து ஆள் பிடிக்க வேண்டாம். முனிக்கும் மாடசாமிக்கும் சிலை செய்து கண் திறக்கிறவர்களும், ஆட்டோவின் பின்னால் படம் வரைகிற பெடியன்களும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். நீங்கள் கேட்ட யோசனை அவர்கள் கையில் எப்போதோ இருக்கிறது, கூலிதான் இல்லை. அதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 'விளம்பரம் கிடைக்குமே தம்பி' என்ற கதை வேண்டாம்.

அப்புறம் ஒரு சிக்கல் வரும். 2002இல் வாஷிங்டனில், அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளின் சின்னங்களான கழுதைகளும் யானைகளும் வைத்தார்கள். சர்க்கஸ் கொடுமையைக் காட்ட, சங்கிலியோடு கண்ணீர் விடும் ஒரு யானையை விலங்குரிமை அமைப்பான பீட்டா கொடுத்தது. நகர அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. முதலில் பீட்டா பக்கம் தீர்ப்பாகி யானை தெருவுக்கு வந்தது, பிறகு மேல்முறையீட்டில் நகரம் வென்றது. அங்கேயே அந்தப் பாடு. நம் பெடியன் ஒருவன் கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகிய சிறுத்தையை வரைந்து வந்தால் என்ன ஆகும்? 'சீசன் நேரத்தில் இது வேண்டாமே, ஒரு பட்டாம்பூச்சி போட்டுத் தாங்க' என்பார்கள். பணம் கொடுத்த கம்பனிக்காரர் தன் தேயிலைப் பெட்டியையும் அதன் வயிற்றில் ஒட்டச் சொல்வார்.

ஆகவே மாநகர சபைக்கு நீங்கள் மனு எழுதுவதானால் மூன்று விஷயத்தைச் சேர்த்து எழுதுங்கள்: கழற்றி ஏலம் விடும் திகதி, ஓவியருக்குத் தரும் தொகை, கம்பி மாட்டிய சிறுத்தைக்கும் வாவிக்கரையில் ஓர் இடம். சபை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த ஒரு சிறுத்தைக்கு வர்ணச் செலவும் ஓவியர் கூலியும் எங்கள் பத்திரிகையுடையது.