ஜேஎஸ்பி பக்கத்திலிருந்து லாக் எழுதுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜேஎஸ்பி பக்கங்களில் (ஜாவா கோடும் எச்டிஎம்எல்லும் கலந்து எழுதும் வெப் பக்கங்கள்) லாக், அதாவது அப்ளிகேஷன் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு, எழுதுவது பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். பழைய ஜேஎஸ்பி அப்ளிகேஷன்கள் இன்னும் எத்தனையோ ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார், ஆவணம் இருக்காது. பிரச்சினை என்று வந்தால் கையில் மிஞ்சுவது லாக் மட்டும்தான். ஜேஎஸ்பி பக்கங்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டை வைத்தே பதில் சொல்கிறேன். மற்ற சர்வர்களில் கோப்புப் பெயர்கள் மாறும், விஷயம் ஏறக்குறைய இதேதான்.

கேள்வி: பக்கத்துக்குள் சிஸ்டம் அவுட் பிரிண்ட்லைன் போட்டேன். பிரவுசரில் ஒன்றும் வரவில்லை. எங்கே போகிறது?

ஜேஎஸ்பியில் வெறும் ‘அவுட்’ என்றால் அது பிரவுசருக்குப் போகும் பக்கத்தை எழுதுகிற ஆப்ஜெக்ட். ‘சிஸ்டம் அவுட்’ என்றால் ஜேவிஎம்மின் (ஜாவா புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) பொதுவான வெளியீடு. லினக்ஸில் டாம்கேட்டை அதன் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் வழியாகக் கிளப்பினால், அது லாக்ஸ் ஃபோல்டரில் உள்ள ‘கேட்டலினா.அவுட்’ கோப்பில் போய் விழும். கோடு எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் ஓட்டினால் கன்சோலில் தெரியும்.

உங்கள் கணினியில் ஒரு மதிப்பைச் சட்டென்று பார்க்க இது போதும். லைவ் சர்வரில் வேண்டாம். அந்த வரியில் நேரம் இருக்காது, எந்தப் பக்கம் எழுதியது என்பதும் இருக்காது. நிறுத்த வேண்டுமானால் கோடைத் திறந்து அழிக்க வேண்டும்.

கேள்வி: லைப்ரரி எதுவும் சேர்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. வேறு வழி?

இருக்கிறது. ஒவ்வொரு ஜேஎஸ்பியிலும் ‘அப்ளிகேஷன்’ என்ற ஆப்ஜெக்ட் தயாராகவே கிடைக்கும்; அதன் லாக் மெத்தடைக் கூப்பிடுங்கள். செய்தியோடு எக்செப்ஷனையும் (ஓடும்போது வந்த பிழை) இரண்டாவதாகக் கொடுத்தால் முழு ஸ்டாக் ட்ரேஸும் (பிழை எந்தெந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) பதிவாகும். டாம்கேட்டில் இவை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்கி, அடுத்துத் தேதி வரும் கோப்பில் இருக்கும். பலர் கேட்டலினா.அவுட்டிலேயே தேடிவிட்டு ‘லாக் வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டீபக், வார்ன் என்ற லெவல்கள் (செய்தி எவ்வளவு முக்கியம் என்று காட்டும் படிகள்) இதில் கிடையாது. ஜாவா 1.4 முதல் ஜாவாவோடே வரும் யுடில் லாகிங்கில் லெவல்கள் உண்டு. அதையும் லைப்ரரி சேர்க்காமலே பயன்படுத்தலாம்.

கேள்வி: லாகரை (லாக் எழுதும் ஆப்ஜெக்ட்) பக்கத்தில் எங்கே அறிவிப்பது? ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக உருவாகுமா?

எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டாம்கேட் ஒவ்வொரு ஜேஎஸ்பியையும் ஒரு ஜாவா கிளாஸாக மாற்றுகிறது. ‘கார்ட்’ என்ற பக்கம் ‘கார்ட்_ஜேஎஸ்பி’ என்ற கிளாஸ் ஆகிறது. ‘வொர்க்’ ஃபோல்டருக்குள் போனால் அந்த ஜாவா கோப்பையே திறந்து பார்க்கலாம். ஒருமுறை கட்டாயம் பாருங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். <% %> குறிக்குள் எழுதியது ரிக்வெஸ்ட் வரும்போதெல்லாம் ஓடும் மெத்தடுக்குள் போகிறது. <%! %> குறிக்குள் எழுதியது கிளாஸின் உறுப்பாகிறது. லாகரை இந்த இரண்டாவதில், ஸ்டேடிக் ஃபைனலாக வையுங்கள். ஒருமுறைதான் உருவாகும்.

ஆனால் அங்கே லாகரைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். அந்த உறுப்பு எல்லா யூசர்களுக்கும் பொது. யூசர் பெயரை ஒரு வேரியபிளில் போட்டு அங்கே வைத்தால், ஒருவர் பெயர் இன்னொருவர் பக்கத்தில் தெரியும். ஆள் குறைவாக இருக்கும் டெஸ்டிங்கில் இது சிக்கவே சிக்காது.

இன்னொரு வசதி: இந்தக் கிளாஸ்கள் எல்லாம் ‘ஆர்க் அப்பாச்சி ஜேஎஸ்பி’ என்ற பேக்கேஜுக்குள் வருகின்றன. கிளாஸ் பெயரிலேயே லாகரை எடுத்தால், கான்ஃபிக் கோப்பில் அந்தப் பேக்கேஜுக்கு ஒரே ஒரு வரி எழுதி, எல்லாப் பக்கங்களின் லெவலையும் ஒரே இடத்தில் மாற்றலாம். பக்கத்தில் ஜாவா கோடே கூடாது என்பவர்களுக்கு, லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜே 2-இல் தனி டேக் லைப்ரரி இருக்கிறது.

கேள்வி: எங்களிடம் லாக்4ஜே 1.2 இருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

மாற்றுங்கள். 2015 ஆகஸ்டிலேயே அதன் பராமரிப்பு முடிந்துவிட்டது. புதிதாகப் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அப்பாச்சியிடமிருந்து திருத்தம் வராது. எஸ்எல்எஃப்4ஜே (எல்லா லாக் லைப்ரரிகளுக்கும் பொதுவான இடைமுகம்) வழியாக எழுதி, பின்னால் லாக்பேக்கையோ லாக்4ஜே 2-ஐயோ வைத்துக்கொள்ளலாம். லாக்4ஜே 2 என்றால் 2.17.1-க்குக் கீழே போகவே வேண்டாம். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டை நினைவிருக்கும். யூசர் அனுப்பிய சொற்களை லாகில் எழுதும்போது, அதற்குள் இருந்த ஜேஎன்டிஐ (பெயரை வைத்துப் பொருள்களைத் தேடித்தரும் ஜாவா வசதி) முகவரியை லைப்ரரி தானே போய்த் தேடியது. வெளியாள் தன் கோடை நம் சர்வரில் ஓட்ட அதுவே போதுமாக இருந்தது. முதலில் வந்த 2.15.0 திருத்தமும் முழுமையானதாக இல்லை.

கேள்வி: எரர் பக்கம் அழகாக வருகிறது. ஆனால் லாகில் அந்தப் பிழையே இல்லை. எப்படி?

இது நல்ல கேள்வி, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். எரர் பக்கத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான ‘வெப் எக்ஸ்எம்எல்’லில் அமைத்தால் எக்செப்ஷன் டாம்கேட் வரை போகும், டாம்கேட்டே லோக்கல்ஹோஸ்ட் கோப்பில் எழுதிவிடும். ஜேஎஸ்பியின் தலையில் ‘எரர்பேஜ்’ என்று கொடுத்தால், அந்தப் பக்கமே எக்செப்ஷனைப் பிடித்து எரர் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. டாம்கேட்டுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. எனவே அந்த எரர் பக்கத்தில் ‘எக்செப்ஷன்’ ஆப்ஜெக்ட்டை எடுத்து நீங்கள்தான் லாக் எழுத வேண்டும். பக்கத்திலிருந்து லாக் எழுதியே தீர வேண்டிய இடம் என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் செர்வ்லெட்டிலோ (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்) ஃபில்டரிலோ (ரிக்வெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் கோடு) இருப்பதே நல்லது.

கேள்வி: நல் பாயின்டர் எக்செப்ஷன் (மதிப்பே இல்லாத ஒன்றைப் பயன்படுத்தும் பிழை) என்று ஒரே வரி. ஸ்டாக் ட்ரேஸ் காணவில்லை.

முதலில் உங்கள் கோடைப் பாருங்கள். எக்செப்ஷனின் கெட்மெசேஜை மட்டும் எழுதினாலோ, செய்தியோடு ப்ளஸ் போட்டு ஒட்டினாலோ ட்ரேஸ் வராது. எக்செப்ஷனை அப்படியே கடைசி ஆர்குமென்ட்டாகக் கொடுக்க வேண்டும்.

அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால், காரணம் ஜேவிஎம். ஒரே இடத்தில் ஒரே எக்செப்ஷன் திரும்பத் திரும்ப வந்தால், ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் வேகத்துக்காக ட்ரேஸ் இல்லாத எக்செப்ஷனை வீசத் தொடங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது: இன்றைய லாகில் தேடாதீர்கள், சர்வர் கடைசியாக ஸ்டார்ட் ஆன நாளின் லாகுக்குப் போங்கள். அதே எக்செப்ஷன் முதலில் வந்த இடங்களில் முழு ட்ரேஸ் இருக்கும். இனி வராமல் இருக்க, ‘ஓமிட் ஸ்டாக் ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோ’ என்ற ஜேவிஎம் ஆப்ஷனை மைனஸ் குறியோடு கொடுத்து அணைத்துவிடலாம்.

கேள்வி: பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக வருகிறது, லாகில் எதுவுமே இல்லை.

டாலர் அடைப்புக்குறிக்குள் எழுதும் இஎல் (எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ்) காரணமாக இருக்கலாம். மதிப்பு நல் என்றால் அது சத்தமில்லாமல் காலி இடத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஜேஎஸ்பிக்கு ஃபார்வேர்ட் செய்யும் முன், செர்வ்லெட்டிலேயே அந்த மதிப்பைச் சோதித்து வார்ன் எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரே நேரத்தில் நிறையப் பேர் வரும்போது லாக் வரிகள் கலந்துவிடுகின்றன. எது யாருடையது என்றே தெரியவில்லை.

தம்பி, ஒரு ஃபில்டர் எழுதுங்கள். ரிக்வெஸ்ட் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு எண் உருவாக்கி எம்டிசியில் (த்ரெட் வாரியாக மதிப்புகளை வைத்திருந்து லாக் வரிகளில் சேர்க்கும் இடம்) போடுங்கள். லாக் பேட்டர்னில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், அந்த ரிக்வெஸ்ட்டின் எல்லா வரிகளிலும் அது தானாக வரும். ஜேஎஸ்பியைத் தொடவே வேண்டாம். அதே எண்ணை எரர் பக்கத்திலும் காட்டுங்கள். வாடிக்கையாளர் ஃபோனில் எண்ணைச் சொன்னால் ஒரே தேடலில் பிடித்துவிடலாம். மறக்கக் கூடாதது ஒன்று: முடியும்போது ஃபைனலி பிளாக்கில் எம்டிசியைத் துடைக்க வேண்டும். ரிக்வெஸ்ட்களைக் கையாளும் த்ரெட்களை டாம்கேட் திரும்பப் பயன்படுத்துவதால், துடைக்காத எண் அடுத்தவர் வரிகளில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: லாகில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது?

‘பிழை வந்தது’ என்று ஒரு வரி. ‘ஆர்டர் 4821: பணம் வந்துவிட்டது, ரசீது உருவாகவில்லை, பிரிண்ட் சர்வரிடமிருந்து பதில் இல்லை’ என்று இன்னொரு வரி. நடுராத்திரியில் எழுப்பப்பட்டு இதைப் படிக்கப் போகிறவர் உங்கள் கோடைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். அவருக்காக எழுதுங்கள். பாஸ்வேர்ட், ஓடிபி, கார்டு எண் எந்த லெவலிலும் கூடாது. ரிக்வெஸ்ட்டின் எல்லா பேராமீட்டர்களையும் சுற்றிச் சுற்றி எழுதும் லூப்பை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். யூசர் கொடுத்த சொற்களில் புதுவரிக் குறி இருந்தால் போலி லாக் வரி ஒன்றையே அவரால் உருவாக்க முடியும், அதையும் நீக்கிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கேட்டலினா.அவுட் வளர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்பை அழித்தேன், இடம் திரும்ப வரவில்லை.

டாம்கேட் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால் பெயர்தான் போயிற்று, இடம் போகவில்லை. இப்போதைக்கு டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் இடம் விடுபடும். அடுத்த முறை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். லாக் கோப்புகளைச் சுழற்றும் லினக்ஸ் கருவியான லாக்ரொட்டேட்டில் ‘காப்பி ட்ரங்கேட்’ ஆப்ஷன் போட்டால் அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம், ப்ராஜெக்ட் முழுவதும் சிஸ்டம் அவுட் என்று தேடிப் பாருங்கள். டிஸ்க்கை நிரப்பிய வரிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கும்.