கைத்தொழிலைக் காப்பாற்ற ஊர்ப் பணத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: எங்கள் ஊரில் மரக் கடைசல் வேலை பல தலைமுறைகளாக நடக்கிறது. பொம்மை, கிண்ணம், சிமிழ் என்று அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்வார்கள். இப்போது சில பட்டறைகள்தான் மிச்சம். உள்ளாட்சி மன்றம் இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கச் சம்மதித்திருக்கிறது. வருடா வருடம் கலைவிழா நடத்தலாம் என்று ஒரு தரப்பும், அருங்காட்சியகம் கட்டலாம் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். விழாவும் அருங்காட்சியகமும் தப்பான யோசனை என்று சொல்லவில்லை, அவை கடைசியில் வர வேண்டியவை. ஒரு கைத்தொழில் நிற்பதற்கு வேலை செய்ய மரம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பழக ஆள் வேண்டும், ஆண்டு முழுக்க ஆர்டர் வேண்டும். இதில் எது உங்கள் ஊரில் அறுந்து கிடக்கிறதோ, அங்கேதான் முதல் காசு போக வேண்டும்.

எது அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. ஒவ்வொரு பட்டறையாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். மரம் எங்கிருந்து வருகிறது, போன வருடம் எத்தனை மாதம் கை சும்மா இருந்தது, புதிதாக ஒருவர் வேலை பழக வந்து எவ்வளவு காலம் ஆகிறது, செய்த சரக்கை யார் எடுக்கிறார், எடுத்தவர் எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறார், இவ்வளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்பதும் முக்கியம். பல தொழில்களில் வண்ணம் தீட்டுவதும் மெருகேற்றுவதும் நூல் சுற்றுவதும் அவர்கள் கையில்தான் இருக்கும், ஆனால் கைவினைஞர் பட்டியல் தயாராகும்போது வீட்டு ஆணின் பெயர் மட்டும் ஏறும். பட்டியலில் இல்லாதவருக்கு உதவித்தொகையும் கிடைக்காது, கடையும் கிடைக்காது.

சரி, மரத்துக்கு வருவோம். மேடைகளில் கைவினை பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத விஷயம் இது, ஆனால் பட்டறையில் முதலில் கேட்கும் புலம்பலே இதுதான். கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் அரக்குக் கடைசல் பொம்மைகள் வெட்பாலை மரத்தை நம்பி நிற்கின்றன. அது மென்மையான மரம், இழை நெருக்கமானது, உளிக்கு இணங்கும், அரக்கும் சீராகப் பிடிக்கும். கொண்டபள்ளி பொம்மைக்குத் தெல்ல போனிகி என்கிற லேசான மரம். பீதர் நகரத்துப் பித்ரி வேலையை எடுத்துக்கொண்டால், துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளி பதித்து, கடைசியில் பழைய கோட்டைக்குள் நெடுங்காலம் மழையும் வெயிலும் படாமல் கிடந்த மண்ணை நவச்சாரத்தோடு கலந்து பூசுகிறார்கள். உலோகம் கறுத்துப்போகும், வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்த மண் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய கைகாரரும் தடுமாறித்தான் போவார்.

தனி ஒரு கைவினைஞரால் மரம் வளர்க்க முடியாது, வனத்துறையிடம் பேசி அனுமதி வாங்கவும் முடியாது. மன்றத்தால் முடியும். பொது நிலத்தில் உங்கள் தொழிலுக்குரிய மரத்தை முதல் ஆண்டிலேயே நடுங்கள், வளர வருடங்கள் ஆகும் என்பதாலேயே தள்ளிப்போடக் கூடாது. ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. அதற்கு வேண்டிய மரத்துக்காக 1920களிலேயே இருநூறு ஆண்டுக் கணக்கு வைத்து ஆலயக் காட்டில் நடத் தொடங்கினார்கள். நமக்கு அவ்வளவு நீளக் கணக்கு வேண்டாம், பதினைந்து இருபது ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். அதுவரைக்கும் மொத்தமாக மரம் வாங்கி, பதப்படுத்தி உலர்த்தி, நியாய விலைக்குக் கொடுக்கிற கிடங்கு ஒன்று இருக்கட்டும். பல ஊர்களில் மரத்தைக் கடனாகக் கொடுக்கிற வியாபாரியே பொம்மைக்கும் விலை வைக்கிறார், கைவினைஞர் அந்தப் பிடியிலிருந்து வெளியே வரவே முடிவதில்லை. என்னைக் கேட்டால், நூறு மேடை நிகழ்ச்சிகளை விட இந்தக் கிடங்கு பெரிய உதவி.

அடுத்தது ஆள். பழக வருகிற பையனோ பெண்ணோ முதல் ஓரிரு வருடம் எதைச் சாப்பிட்டு வாழ்வது என்பதற்குப் பதில் வைத்திருக்கிற ஊரில்தான் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஜப்பானின் கனசாவா நகரம் 1989இல் உதாத்சுயாமா என்ற இடத்தில் ஒரு கைவினைப் பட்டறையைத் தொடங்கியது. மட்பாண்டம், அரக்கு, சாயம், உலோகம், கண்ணாடி ஆகிய துறைகளில் பயிற்சி, பயில்பவர்களுக்கு மாதாமாதம் நகரமே உதவித்தொகை தருகிறது. 1996இல் அதே நகரம், ஓரளவு வேலை தெரிந்த தச்சர்கள், கொத்தர்கள், ஓடு வேய்பவர்கள் போன்றவர்களுக்குப் பழைய நுணுக்கங்களைச் சொல்லித்தர ஒரு பள்ளியையும் திறந்தது. பழுதுபார்க்க வேண்டிய பழங்கால வீடுகளும் கோயில்களும் அந்த ஊரில் நிறைய இருந்ததால், படித்துவிட்டு வந்தவர்களுக்கு வேலையும் இருந்தது. 2009இல் யுனெஸ்கோ கனசாவாவைக் கைவினைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. இருபது வருடம் வேலை நடந்த பிறகு வந்த பட்டம் அது. பட்டத்தை வாங்கிவிட்டால் வேலை தானாக நடக்கும் என்று நினைக்கிறவர்களிடம் இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இதைச் சின்ன அளவில் செய்யலாம், ஆனால் இரண்டு கணக்குகளை விட்டுவிடாதீர்கள். பயில்பவருக்கு மட்டும் தொகை கொடுத்தால் ஆசான் பொறுமை இழந்துவிடுவார், ஏனென்றால் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் அவர் சொந்த வேலை கெடும், அன்றைய கூலி போகும். அதனால் அவருக்கும் மாதத் தொகை வேண்டும். கடைசல் பழகுகிறவர் முதல் சில மாதங்களில் நிறைய மரத்தை வீணாக்குவார், அது படிப்பின் ஒரு பகுதி, அந்த மரத்தின் செலவும் மன்றத்துடையதாக இருக்கட்டும். இதை ஆசான் தலையில் கட்டிய இடங்களில், நல்ல மரத்தைத் தொடவிடாமல் பெருக்குவதற்கும் தேய்ப்பதற்கும் மட்டுமே பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். அப்புறம், வம்சத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று கதவைச் சாத்தாதீர்கள். பெண்கள் வரட்டும், வேறு ஊர்க்காரர்களும் வரட்டும். சீனாவின் பீங்கான் நகரமான சிங்தெசனில் அரசு ஆலைகள் மூடப்பட்ட பிறகு, பழைய ஆலைக் கட்டடங்களில் இன்று பட்டறை நடத்துகிற இளைஞர்களில் நிறையப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான்.

ஆர்டர் விஷயத்தில் மன்றமே முதல் வாடிக்கையாளராக ஆக வேண்டும். விருந்தினருக்குக் கொடுக்கிற நினைவுப் பரிசு, பாலர் பள்ளி விளையாட்டுச் சாமான், நூலகத்து அலமாரிக் கைப்பிடி, பூங்காவுக்குத் தேவையான மரச் சாமான் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள், நீங்கள் நினைப்பதை விட நீளும். முன்பணமாகப் பாதி, மீதி சரக்கு கொடுத்த அன்றே. அரசுப் பணம் ஆறு மாதம் இழுக்கும் என்று தெரிந்தால் ஒருவரும் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். பிரான்சில் கம்பளச் சித்திர நெசவுக்குப் பேர்போன ஓபுசோன் என்ற சிற்றூர் இருக்கிறது. 2016இல் அங்கே திறந்த கம்பளக் கலை மையம் பழைய துணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் வரைந்த படங்களைப் பெரிய கம்பளங்களாக நெய்யும்படி உள்ளூர்ப் பட்டறைகளிடம் வேலை கொடுத்தது, நெசவுப் பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. அருங்காட்சியகம் கேட்கும் தரப்பிடம் இதைக் காட்டுங்கள். வேலை கொடுக்கிற அருங்காட்சியகம் என்றால் நானே கை தூக்குவேன்.

பெயரைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. ஹாரிஸ் ட்வீட் துணியைப் பற்றிய 1993ஆம் ஆண்டு பிரிட்டன் சட்டம் ரொம்பத் தெளிவானது: ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற சுத்தமான ஆட்டுக் கம்பளி நூலில், தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்து, அந்தத் தீவுகளிலேயே முடித்ததுதான் ஹாரிஸ் ட்வீட். எங்கே, யார், எப்படி, எதிலிருந்து என்ற நான்குக்கும் அதில் விடை இருக்கிறது. உங்கள் குழுவும் இப்படி ஒரு வரையறையை எழுத வேண்டும், எழுதும்போது சண்டையும் வரும். மின்சாரக் கடைசல் இயந்திரம் கூடுமா, ரசாயன வண்ணம் கூடுமா என்று வாதம் நடக்கட்டும், முடிவைக் கடைசல்காரர்கள் எடுக்கட்டும். என் கருத்து, சுற்றுவதற்கு மின்சாரம் இருக்கலாம், உருவம் கொடுப்பது கையும் உளியுமாக இருக்க வேண்டும், வண்ணத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது, குழந்தைகள் வாயில் வைக்கிற பொருள் அது.

இந்தியாவில் இதற்கான வழி புவிசார் குறியீடு. சட்டம் 1999இல் வந்தது, 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, ஊரின் பெயரில் சங்கம் பதிவு வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். சான்றிதழ் வந்த அன்று பாராட்டு விழா எடுத்துவிட்டு, இந்தப் பதிவுகளைச் செய்யாமலே விட்டால் குறியீட்டால் யாருக்கும் ஒரு பைசா பலன் இல்லை. விண்ணப்பம் நிரப்ப, புகைப்படம் ஒட்ட, கட்டணம் கட்ட ஒரு ஆளைக் கொஞ்ச காலம் சம்பளத்துக்கு வையுங்கள்.

குறியீடு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வெனிஸ் அருகே முரானோ தீவுக்குக் கண்ணாடி உலைகள் 1291இல் மாற்றப்பட்டன. போலிகளைத் தடுக்க 1994இல் வெனெட்டோ மாகாணம் தனி முத்திரைக்குச் சட்டமே போட்டது. ஆனாலும் 2021, 2022இல் எரிவாயு விலை ஏறியபோது, இரவும் பகலும் எரிய வேண்டிய உலைகளில் பல அணைந்தன. முத்திரை போலியைத் தடுக்கும், உலைச் செலவைக் குறைக்காது. அதனால்தான் மரத்தையும் கிடங்கையும் முதலில் சொன்னேன்.

விற்பனைக்கு ஒரு இடம் அமைப்பதென்றால் கட்டடத்தை விட விதிகள்தான் முக்கியம். அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஆளுநர் மாளிகை என்ற பழைய கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் உட்கார்ந்து விற்கிறார்கள். தானோ தன் வீட்டாரோ கையால் செய்ததைத்தான் விற்கலாம், பொருளில் செய்தவரின் அடையாளம் இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் கலைஞர்களின் குழுவே சோதிக்கும், அன்றன்றைக்கு இடம் சீட்டுக் குலுக்கலில். டெல்லியில் 1994இல் வந்த தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தையிலும் கைவினைஞர்களுக்குக் கடைகள் சுழற்சி முறையில் குறுகிய காலத்துக்குத்தான் கிடைக்கும், நிரந்தரமாக யாருக்கும் இல்லை. இந்த விதிகள் இல்லாமல் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டால், கொஞ்ச காலத்தில் அங்கே எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் பொம்மைதான் தொங்கும், ஊர்க் கடைசல்காரர் வாசலில் நிற்பார்.

விழாவை இதெல்லாம் நடக்கத் தொடங்கிய பிறகு வையுங்கள், ஆர்டர் கொடுக்கக்கூடிய கடைக்காரர்கள், வடிவமைப்பாளர்கள், பள்ளி நிர்வாகிகளை முதல் நாளே அழைத்துத் தனியாகப் பார்க்க விடுங்கள். கூட்டம் அடுத்த நாள் வரட்டும்.

மரம் நடுவதைப் போலவே தள்ளிப்போட முடியாதது இன்னொன்றும் உண்டு: வயதான ஆசான்களின் வேலையைப் படம்பிடித்து வைப்பது. கை அசைவு, உளி பிடிக்கும் கோணம், மரம் உலர்ந்ததைத் தட்டிப் பார்த்துச் சொல்வது, இதெல்லாம் ஒரு வேலைநாள் முழுக்கக் கேமராவை அசையாமல் வைத்து எடுத்தால்தான் பதியும். எடுக்கும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எந்தப் பகுதியை வெளியில் காட்டலாம், எது குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும், அந்த நாளின் கூலியும் அவர்களுக்குப் போகட்டும்.

கடைசியாக உங்கள் குழுவைப் பற்றி. அதில் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? பாதிக்கும் குறைவு என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள், அதில் பெண்களும் இருக்கட்டும். கூட்டத்தை வேலை முடிந்த மாலையில் வையுங்கள், பகலில்தான் முடியும் என்றால் இழக்கிற கூலியைக் கொடுங்கள். விழாவா, கிடங்கா, பயிற்சியா என்ற ஓட்டெடுப்பை அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு நடத்துங்கள்.