பெப்ரவரி முதல் மே வரை: ரொறன்ரோவில் உடையும் மாதத் திட்டமும்

கடந்த ஓகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபுறோவில் தங்கி, ஏரிக்கரைக்கு அருகில் நகர மையத்திலுள்ள அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பெப்ரவரி பிறந்ததுமே கடைகளில் மெல்லிய வசந்தகால உடைகள் வந்துவிட்டன, வெளியே இன்னும் பனி கொட்டுகிறது. இப்போதே வாங்க வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா? குளிர்கால உடைகளை எப்போது, எப்படி எடுத்து வைப்பது? மாதந்தோறும் திட்டம் எழுதுகிறேன். உடைச் செலவு வந்ததும் அது குலைந்துவிடுகிறது. ஏப்ரல் இறுதியில் ஒரு திருமணத்துக்கும் போக வேண்டும்."

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் நடுப்பகுதி வரை, கடைகள் வசந்தகால உடை என்று காட்டும் எதையும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. குளிர்கால உடைகளில் ஏதாவது குறையிருந்தால் அதை இப்போது கழிவு விலையில் வாங்குங்கள். மார்ச்சில் நல்ல மழைக் கோட் ஒன்றையும் நீர் புகாத சப்பாத்து ஒன்றையும் வாங்குங்கள். மெல்லிய உடைகளை மே மாதத்துக்கு விட்டுவிடுங்கள். உங்கள் திட்டம் குலைவதற்குக் காரணம் கட்டுப்பாடின்மை என்று நான் நினைக்கவில்லை. கடையின் நாட்காட்டியும் இந்த ஊர் வானிலையின் நாட்காட்டியும் மாதக்கணக்கில் விலகி ஓடுகின்றன. புதிதாக வந்த ஒருவர் கடையின் நாட்காட்டியை நம்பிவிடுவது இயல்பு.

அந்த விலகலுக்குக் காரணம் இந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நகரங்களில் வசந்தகால, கோடைகால உடைகளின் காட்சிகள் அதற்கு முந்திய ஆண்டின் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அதே நகரங்களில் அடுத்த குளிர்காலத்துக்கான உடைகள் மேடையேறுகின்றன. கடைகள் இந்த ஓட்டத்தைப் பின்பற்றி, தை மாதம் முடிவதற்குள் தடித்த உடைகளை ஓரமாக ஒதுக்கி, மெல்லிய உடைகளை முன்னே தொங்கவிடுகின்றன. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் லினன் சட்டை உண்மையில் உங்கள் உடம்புக்கு உதவுவது மே மாதக் கடைசியில்தான்.

வானிலையைப் பாருங்கள். ரொறன்ரோ நகரில் பெப்ரவரியில் பகலின் உச்ச வெப்பநிலை சராசரியாகப் பூச்சியம் பாகையை ஒட்டியே நிற்கிறது. மார்ச்சில் 5 பாகையளவுக்கு ஏறினாலும் இரவில் மீண்டும் உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. ஏப்ரலில் 11 அல்லது 12, மே மாதத்தில் 18 அல்லது 19 பாகை என்று படிப்படியாக உயர்கிறது. இவை சராசரிகள் மட்டுமே என்பதை மறந்துவிடாதீர்கள். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14 முதல் 16 வரை, நம்மில் பலர் சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போகத் தயாராகியிருந்த நாட்களில், ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்கில் பல இடங்களில் உறைமழை பெய்து வீதிகள் பனிக்கட்டியால் மூடின. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் மாலையில் வெளிச்சம் நீள்கிறது. அந்த வெளிச்சத்தைக் கண்டு கதகதப்பு வந்துவிட்டதென்று மெல்லிய மேலங்கியுடன் புறப்பட்டுக் காய்ச்சலில் விழுகிறவர்கள் இங்கு ஆண்டுதோறும் உண்டு.

உங்கள் விடயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்ராறியோ ஏரியின் நீர் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்து கிடந்து, வசந்தத்தில் நிலத்தைவிட மிக மெதுவாகச் சூடேறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கேயிருந்து ஏரிக்காற்று வீசும் மத்தியானங்களில் கரையோரம் உள்ள நகர மையம், வடக்கே உள்ள பகுதிகளைவிடப் பல பாகை குளிராக இருக்கும். ஸ்காபுறோவில் வீட்டு வாசலில் நின்று வெயிலைப் பார்த்து உடை தீர்மானித்தால், மதிய உணவுக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது வருந்த நேரிடும். உங்கள் கைப்பேசியில் வானிலையைப் பார்க்கும்போது இரண்டு இடங்களையும் பாருங்கள். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர் எவ்வளவு என்ற எண்ணையும் பாருங்கள்.

இந்த ஊரில் உடை தெரிவு செய்வதன் அடிப்படை, தடித்த ஒன்றை அணிவதைவிட, கழற்றக்கூடிய மூன்று அடுக்குகளை அணிவது. ரயிலிலும் அலுவலகத்திலும் வெப்பமூட்டி ஓடும். நகர மையத்தின் யூனியன் ரயில் நிலையத்திலிருந்து நிலத்தடி நடைபாதை வழியாகவே நீங்கள் பாதி வழியைக் கடந்துவிடலாம். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் 10 நிமிடம் நிற்கையில் காற்று எலும்பைத் தொடும். உடம்போடு ஒட்டிய முதல் அடுக்குக்கு மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியே மிகச் சிறந்தது. அது வியர்வையின் ஈரத்தை நூலுக்குள் உறிஞ்சிக்கொண்டும் தோலில் ஈரமாகத் தெரியாது. பருத்தி, ஊரில் நமக்கு எவ்வளவு உதவினாலும், இங்கு குளிரில் முதல் அடுக்காக ஆகாது: ஈரத்தை வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நடு அடுக்காக ஒரு சுவெட்டர் அல்லது கார்டிகன் போதும். மேல் அடுக்குதான் மாதத்துக்கு மாதம் மாற வேண்டியது.

இப்போது பெப்ரவரிக்கு வருகிறேன். மூன்றாம் திங்கட்கிழமை குடும்ப நாள் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருக்கும் குளிர்கால உடைகளைக் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். இந்தக் குளிரில் எதை அடிக்கடி அணிந்தீர்கள், எது இல்லாமல் அல்லற்பட்டீர்கள் என்பது உங்கள் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கும் நேரம் இதுதான். நவம்பரில் அது மறந்துபோயிருக்கும். குறைவது ஒன்றிருந்தால், அதை மட்டும் இப்போது வாங்குங்கள். கழிவு விலையில் வாங்கியவற்றைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை என்பதால், உள்ளே சுவெட்டர் அணிந்துகொண்டே கோட்டைப் போட்டுப் பார்த்து, கைகளை முன்னே நீட்டி, தோள் இழுக்கிறதா என்று சோதியுங்கள். விலைச்சீட்டில் காணும் தொகைக்கு மேல் 13 சதவீத விற்பனை வரி சேரும் என்பதையும் திட்டத்தில் எழுதும்போதே கணக்கில் எடுங்கள். 200 டொலர் என்று எழுதிவிட்டு 226 டொலர் கொடுப்பதால்தான் பலருடைய மாதக் கணக்கு முதலில் பிசகுகிறது.

மார்ச் மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நான்கு மாதங்களில் மக்கள் மிகவும் தவறாக உடுத்துவது அந்த மாதத்தில்தான். ஜனவரியில் நம் எதிரி குளிர். மார்ச்சில் அது ஈரம். பகலில் உருகும் பனி இரவில் உறைகிறது, மறுநாள் மழை பெய்கிறது, வீதியோரம் எங்கும், பனியை உருக்கத் தூவிய உப்பு கலந்த சேறு. வாத்து இறகு அடைத்த தடித்த கோட் உலர் குளிருக்கு ஈடிணையற்றது. ஆனால் நனைந்தால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே மழை பெய்யும் 4 பாகை நாளில் அதை வீட்டில் விட்டுவிட்டு, நீர் புகாத மேலங்கியை மெரினோவுக்கும் சுவெட்டருக்கும் மேலே அணிவதே சரி.

எந்த மேலங்கி என்று கேட்டால், இடுப்பில் பட்டி கட்டி, முழங்காலைத் தொடும் ட்ரெஞ்ச் கோட் என்ற மழைக் கோட் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். அது அலுவலகத்துக்கும் பொருந்தும், சேலைக்கு மேலும் பொருந்தும், நாகரிகம் மாறினாலும் பழசாகத் தெரியாது. அதன் துணியான கபர்டினை 1879இல் இங்கிலாந்தில் தோமஸ் பேர்பரி உருவாக்கினார். நூலை நெய்வதற்கு முன்பே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, மிக நெருக்கமாக நெய்ததால் மழை நின்றது, காற்றோட்டம் நிற்கவில்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் பல ட்ரெஞ்ச் கோட்டுகளுக்கு அந்தத் தோற்றம் மட்டுமே உண்டு, பதப்படுத்தல் கிடையாது. எனவே துணிச்சீட்டைப் படியுங்கள். நீரைச் சிறிது நேரம் விலக்கும் துணி வேறு, நீரே புகாத துணி வேறு. பின்னதில் தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். கழற்றி மாட்டக்கூடிய உள் அடுக்கு உள்ளதாகக் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். மார்ச்சில் உள் அடுக்குடனும், மே மாதத்தில் அது இல்லாமலும், ஒக்டோபரில் மீண்டும் அதனுடனும் அணியலாம்.

சப்பாத்தைப் பொறுத்தவரை, கணுக்கால் வரை வரும் நீர்புகாத பூட்ஸ் ஒன்று போதும். வீதி உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படிந்தால், வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, அன்றிரவே துடைத்துவிடுங்கள். ஈரச் சப்பாத்தை வெப்பமூட்டியின் அருகே வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து, சாதாரண அறைச் சூட்டில் உலரவிட வேண்டும்.

அலங்காரத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை; ஆனாலும் நான்கு மாதமாகக் கறுப்பையே பார்த்துச் சலித்த மனத்துக்கு நிறம் வேண்டும் என்பதை அறிவேன். அதற்காகப் புது உடுப்புகள் தேவையில்லை. கடும் நீலம், சாம்பல் ஆகிய உங்கள் குளிர்கால நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு, முகத்துக்கு அருகில் வருவதை மட்டும் மாற்றுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறிப் பருத்திச் சால்வை ஒன்று, இளமஞ்சள் அல்லது மாந்தளிர் நிறத்தில், தடித்த கம்பளிக் கழுத்துத்துணியின் இடத்தை மார்ச் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும். அதே சாம்பல் கோட், வேறு உடைபோலத் தெரியும். ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவில் 1959இல் தோக்கியோ மக்கள் அன்பளிப்பாகக் கொடுத்த செர்ரி மரங்களின் வழியில் வந்த மரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் பூக்கின்றன. உங்கள் மெல்லிய பூப்போட்ட சட்டைக்கு அதுவே நல்ல அடையாளம்; பூக்கும் வரை சட்டை அலுமாரியில் இருக்கட்டும்.

திருமணத்துக்குப் பட்டுச் சேலைதான் உடுக்கப் போகிறீர்கள் என்று எண்ணுகிறேன். பாவாடைக்குள் மெல்லிய மெரினோ கால்சட்டையும், நீண்ட கை வைத்த சட்டையும் அணிந்தால், வெளியே தெரியாமல் குளிர் தடுக்கப்படும். மண்டபத்துக்குள் வெப்பமாக இருக்கும் என்பதால் மேலே இன்னொரு கம்பளி வேண்டாம்; ட்ரெஞ்ச் கோட் போதும். வாகனத் தரிப்பிடத்தில் சேறு இருக்கக்கூடும். பூட்ஸ் அணிந்துபோய் வாசலில் செருப்புக்கு மாறுங்கள், சேலைக் கரையை அதுவரை ஊசியால் தூக்கிக் குத்திக்கொள்ளுங்கள்.

இனி மாதத் திட்டம். நீங்கள் அனுப்பியிருக்கும் பெப்ரவரித் திட்டத்தில் 14 வரிகள் இருக்கின்றன, அவற்றில் 5 உடைகள். உடைப் பட்டியலிலிருந்து தொடங்குவதே சிக்கல். முந்திய மாதத்தின் கடைசி ஞாயிறன்று, வரும் மாதத்தில் நீங்கள் போக வேண்டிய இடங்களைத் தேதியுடன் முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது வெளியிலா, மண்டபத்திலா, சப்பாத்துக் கழற்றும் இடமா என்று குறியுங்கள். பிறகு அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் கையிலிருப்பதில் எது பொருந்தும் என்று எதிரே எழுதுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக நிற்கும் வரிக்கு மட்டுமே பணம். அப்படிச் செய்தால் பெப்ரவரிக்கு உங்களுக்குப் பெரும்பாலும் எதுவும் வராது, மார்ச்சுக்குக் கோட்டும் பூட்ஸும் வரும், ஏப்ரலுக்குத் திருமணச் செலவு மட்டும் வரும். ஏப்ரல் 30 வருமான வரிப் படிவத்தின் கடைசித் தேதி என்பதால், அதற்கான ஆவணங்களை மார்ச் திட்டத்தில் ஒன்றாக எழுதிவிடுங்கள். வரியில் மீளக் கிடைக்கக்கூடிய பணத்தை, கணக்கில் வந்து சேரும் முன் எந்த மாதத்தின் உடைக்கும் ஒதுக்காதீர்கள்.

எடுத்து வைக்கும் வேலையை ஏப்ரல் கடைசி வாரத்துக்கு முன் தொடங்க வேண்டாம். தடித்த கோட் ஒன்றையும் கையுறையையும் மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறை வரை வெளியே வைத்திருங்கள். வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழுவ வேண்டும், ஒரு தடவைதான் அணிந்தது என்றாலும் கூட. கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தையே அது முதலில் தேடும். அதற்குப் பட்டும் உணவுதான் என்பதால், கழுவாத சுவெட்டருக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் சேலையை வைப்பது மிகவும் ஆபத்தானது. பழைய உடைகள் விற்கும் கடைகளில் வாங்கிய கம்பளி உடைகள் இருந்தால், காற்றுப் புகாத பையில் இட்டு, உறைபெட்டியில் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். முட்டையும் புழுவும் அழிந்துவிடும். இறகுக் கோட்டை முன்புறக் கதவுள்ள இயந்திரத்தில், இறகுக்குரிய சோப்பு நீரில் கழுவி, உலர்த்தியில் குறைந்த சூட்டில் இரண்டு ரெனிஸ் பந்துகளுடன் சுழலவிட்டால் இறகுகள் மீண்டும் பிரிந்து உப்பும். உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படாத வரை உலர்த்துங்கள். பிறகு அதை அமுக்கி மடிக்காமல் தொங்கவிடுங்கள்.

சேலைகளைப் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றித் தனித் தட்டில் வையுங்கள். பிளாஸ்ரிக் பை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அந்துருண்டையைச் சரிகையின் அருகே வைக்காதீர்கள், சரிகை கறுத்துவிடும். திருமணத்துக்கு உடுத்த பட்டை ஓரிரு நாள் நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்; செப்டெம்பரில் ஒரு தடவை அதை எடுத்துப் பிரித்து, மடிப்பு விழும் இடத்தை மீண்டும் மாற்றினால் போதும்.